முள் துள்ளிய இடம்

நேற்று மாலை ஓல்ட் வின்ட்சர் ரோட்டில் கேம்ரியை ஓட்டிக்கொண்டு போனேன். மணிக்கு 70 கிலோமீட்டர். எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் 1,750இல் ஆணி அடித்ததுபோல் நின்றது. பக்கத்தில் மாமா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் வந்தால் வண்டியில் குறையில்லை என்று பொருள். கியர்பாக்ஸ் கோளாறு ஒன்றைத் தேடிச் சரிசெய்து இந்த நிலைக்குக் கொண்டுவர ஏழு வாரமும் 313 டாலரும் செலவாயின. வலது கட்டைவிரல் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை. மறப்பதற்குள் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், தப்பாகப் போன இடங்களையும் சேர்த்து.

வண்டி மாமாவுடையது. 1993ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி, 2.2 லிட்டர் 5எஸ்-எஃப்இ எஞ்சின், நான்கு கியர் கொண்ட ஏ140இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மூன்று லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாமா திருச்சியில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிட்னிக்கு வந்து எங்களோடு டூங்காபியில் தங்கிய முதல் ஆண்டிலேயே இதை வாங்கினார். மேஸ் ஹில் முருகன் கோயில், காய்கறிக் கடை, நூலகம் என்று பதினைந்து ஆண்டுகளாக அவர்தான் ஓட்டுகிறார். வண்டியை விற்கும் பேச்சை எடுத்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

கோளாறு இதுதான். 60க்கும் 75க்கும் இடையில், காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் எஞ்சின் சுழற்சி 1,750இலிருந்து 2,500க்கு எகிறும். ஓவர்டிரைவ் என்னும் நான்காம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விநாடியில் மறுபடி ஏறும். உடனே மறுபடி இறங்கும். மூச்சுத் திணறுபவரோடு பயணம் செய்வதுபோல் இருக்கும். இன்னொன்று, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு வழுக்கல். எஞ்சின் வெறுமனே உறுமும், வண்டி முன்னேறாது, பிறகு மெத்தென்று கியர் விழும். நெடுஞ்சாலையில் 100இல் போனால் எந்தத் தொந்தரவும் இல்லை. இந்தக் கடைசி விவரத்தை நான் முதல் நாளே உற்றுக் கவனித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஒரு கியர்பாக்ஸ் பட்டறைக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன, இறக்கிப் பிரித்துக் கட்ட 3,800 டாலர்" என்றார். எந்த மீட்டரையும் வைத்துப் பார்க்கவில்லை. வண்டியை இன்று விற்றால் 2,500 தேறுவதே அதிகம். திரும்பி வரும் வழியில் மாமா, "காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம் மாப்பிள்ளை, நம் காலம் வேறு, அதன் காலம் வேறு" என்றார். சாயங்காலம் பார்த்தால் வாளியும் துணியுமாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நானே இறங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் சனிக்கிழமை ஆயிலில் தொடங்கினேன். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், நானும் விதிவிலக்கில்லை. எஞ்சின் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே, கியர் லிவரை ‘பி’யிலிருந்து ‘எல்’ வரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, அதன் பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தது. நிறம்தான் இரண்டாம் டிகாஷன். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தேன். கருகிய வாடை இல்லை. பிளேட்டுகள் எரிந்திருந்தால் அந்த வாடை கராஜையே தூக்கியிருக்கும். பட்டறைக்காரர் சொன்னதன் மீது முதல் சந்தேகம் இங்கே வந்தது.

இருந்தும் ஆயிலை மாற்றினேன். அடியில் உள்ள தட்டைக் கழற்றினால் வடிகட்டி தெரியும். தட்டின் காந்தங்களில் சாம்பல் நிறச் சேறு, திருநீற்றை எண்ணெயில் குழைத்ததுபோல் மையாக ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். நெருடவில்லை. பித்தளைத் துகளோ இரும்புச் சீவலோ இல்லை. முப்பது ஆண்டு ஓடிய பெட்டிக்கு இது நல்ல ஜாதகம். புது வடிகட்டியும் கேஸ்கெட்டும் 46 டாலர். டெக்ஸ்ரான் 3 வகை ஆயில் நான்கு லிட்டர் கேன் இரண்டு, 84 டாலர். தட்டின் போல்ட்டுகளை 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கக்கூடாது. சின்ன ராட்செட்டை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் கேஸ்கெட் பிதுங்கி ஒழுகத் தொடங்கும். வடிந்தது 2.4 லிட்டர், ஊற்றியது 2.5. பெட்டிக்குள் மொத்தம் 5.6 லிட்டர் இருக்கும். எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் போன்ற இடங்களில் பாதிக்கு மேல் தங்கிவிடுவதால் ஒரு முறை வடித்தால் எல்லாம் மாறிவிடாது. ஒரு வாரம் ஓட்டி மறுபடி ஒரு முறை வடித்து ஊற்றினேன்.

இந்தக் கியர்பாக்ஸில் ஒரு பொறி இருக்கிறது. சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்குத் தனி அறை, தனி வடிகால் திருகு, தனி ஆயில். கியர்பாக்ஸ் தட்டைக் கழற்றினால் அது வடியாது. இது தெரியாமல் பல வண்டிகள் ஆயுள் முழுவதும் டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றப்படாமலே ஓடுகின்றன. நானும் இரண்டாம் முறை வடிக்கும்போதுதான் கையேட்டில் அந்த வரியைப் பார்த்தேன். 1.6 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.1 லிட்டர் வந்தது, அதுவும் தார் நிறத்தில். நான் தேடிய கோளாறுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இந்த ஏழு வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியங்களில் இது இரண்டாவது.

ஆயில் மாற்றியதும் வண்டி திருந்திவிட்டதுபோல் இருந்தது. நான்கு நாள் அப்படியே நம்பினேன். ஐந்தாம் நாள் மாமா கோயிலுக்குப் போய்வந்து, சாவியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "இருமல் திரும்பிவிட்டது" என்றார்.

அடுத்த கட்டம் ‘கோடு’ பார்ப்பது, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் குறித்துவைத்திருக்கும் கோளாறு எண்ணைப் படிப்பது. இந்த வயது வண்டிக்கு ஸ்கேனர் தேவையில்லை. பானட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, மூடியைத் திறந்தால் உள்ளே எழுத்திட்ட துளைகள். ‘டிஇ1’, ‘இ1’ என்ற இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினால், டாஷ்போர்டில் உள்ள ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு கண் சிமிட்டும். சிமிட்டலை எண்ணினால் கோடு கிடைக்கும். 62 என்றால் முதல் சொலினாய்டு (கம்ப்யூட்டர் சொல்படி கியர் மாற்றும் மின்வால்வு), 63 இரண்டாவது, 64 டார்க் கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப் சொலினாய்டு, 42 அல்லது 61 வேக சென்சார்கள். ஒரே சீராக, விநாடிக்கு இரண்டாகச் சிமிட்டினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள்.

என் வண்டியில் விளக்கு சிமிட்டவே இல்லை. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. ‘கம்ப்யூட்டர் செத்துவிட்டது’ என்று நானாகவே தீர்ப்பு எழுதி, இணையத்தில் பழைய கம்ப்யூட்டர் விலை எல்லாம் விசாரித்தேன். ஒரு முழு மாலை போனது. காரணம் வெட்கக்கேடானது. கியர் லிவரில் உள்ள ஓவர்டிரைவ் பொத்தான் வெளியே தள்ளியிருந்தது. அது அணைந்த நிலையில் இருந்தால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், கோடு காட்டாது. பொத்தானை அழுத்தினேன். டக் டக் டக் என்று ஒரே சீராகச் சிமிட்டியது. கோடு எதுவும் இல்லை. எஞ்சின் விளக்கிலும் இல்லை. எஞ்சினுக்குக் காற்று விடும் கதவுதான் த்ராட்டில். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் த்ராட்டில் சென்சார் கெட்டால் எஞ்சின் விளக்கில் 41 வரவேண்டும், அதுவும் வரவில்லை. அதனால் அந்தச் சென்சாரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இந்த வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

கோளாறு இரும்பிலா மின்சாரத்திலா என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கியர்பாக்ஸுக்குப் போகும் சொலினாய்டு கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது. அப்போது கம்ப்யூட்டருக்குக் கியர் மேல் எந்த அதிகாரமும் இல்லை. லிவர் சொல்வதுதான் சட்டம். இந்தப் பெட்டியில் ‘எல்’ என்றால் முதல் கியர், ‘2’ என்றால் மூன்றாவது, ‘டி’ என்றால் ஓவர்டிரைவ். ஞாயிறு காலை ஆறரைக்கு, செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டைத் தெருக்களில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஓட்டிப் பார்த்தேன். ‘எல்’லில் கிளம்பி, 35இல் ‘2’க்கு மாற்றி, 60இல் ‘டி’. மூன்றும் மூன்று விதமாகச் சுத்தமாக விழுந்தன. ‘டி’யில் போட்டு அந்தத் தெருவின் முனைவரை போனேன். எகிறல் இல்லை, இறங்கல் இல்லை. கம்ப்யூட்டர் வாயை மூடியதும் பெட்டி ஒழுங்காக ஓடியது. 3,800 டாலர் எஸ்டிமேட்டை அன்றைக்கே மடித்துக் குப்பையில் போட்டேன்.

கனெக்டரைக் கழற்றி ஓட்டினால் கம்ப்யூட்டர் 62, 63 என்று குறித்துவைத்துக்கொள்ளும். திரும்ப மாட்டியபின் 15 ஆம்பியர் இஎஃப்ஐ பியூஸைக் கொஞ்ச நேரம் உருவிவைத்து அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை நீங்களே வரவழைத்த கோளாறு எண்ணை நீங்களே துரத்துவீர்கள்.

சொலினாய்டுகளின் மின்தடை 11 முதல் 15 ஓம் இருக்க வேண்டும். என்னுடையவை 13.2, 13.4, 13.1. மூன்றும் குற்றமற்றவை. ஆனால் இந்த அளவை எடுப்பதற்கு முந்தின நாளே காயலான் கடையில் ஒரு ஜோடிப் பழைய சொலினாய்டை 60 டாலருக்கு வாங்கிவந்திருந்தேன். பிஸ்கட் டப்பாவில், இன்னும் அந்தக் கடைக்காரர் பெயின்ட் பேனாவால் போட்ட மஞ்சள் குறியோடு இருக்கிறது. அளந்துவிட்டு வாங்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் துணிக்கடையிலேயே சொல்லித் தருவார்கள்.

வழுக்கலுக்கு வருகிறேன். எஞ்சினின் த்ராட்டிலில் இரண்டு கேபிள்கள் மாட்டியிருக்கும். ஒன்று ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வருவது. மற்றது கியர்பாக்ஸுக்குப் போவது. இந்த இரண்டாவது கேபிள் கியர் எப்போது மாற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. அந்த வேலை கம்ப்யூட்டருடையது. உள்ளே ஆயில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத்தான் இது தீர்மானிக்கிறது. தொய்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து பிளேட்டுகள் வழுக்கும். இறுகியிருந்தால் கியர் உதைத்து விழும். பெடலை விட்ட நிலையில் உள்கம்பி தொய்வில்லாமல் இருக்க வேண்டும். உறையின் முனைக்கும் கம்பியில் நசுக்கிப் பொருத்திய ஸ்டாப்பருக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர் இருக்கலாம். என் வண்டியில் ஸ்டாப்பர் உறையோடு ஒட்டிக்கிடந்தது, உள்கம்பி கொடியில் காயும் புடவைபோல் தொங்கியது. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பட்டறையில் ஆக்சிலரேட்டர் கேபிள் மாற்றினார்கள். அப்போது பக்கத்தில் இருந்ததையும் தளர்த்தியவர்கள் திரும்ப அளந்து வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நட்டுகள் இரண்டு, 12 மில்லிமீட்டர் ஸ்பானர், பத்து நிமிட வேலை. நான் அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. தொய்வு கெட்டது என்றால் இறுக்கம் நல்லது என்ற குருட்டுக் கணக்கில் 3 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை இழுத்துவிட்டேன். தெருமுனையில் இரண்டாம் கியர் விழுந்தபோது பின்சீட்டில் இருந்த தக்காளிக் கூடை முன்சீட்டுக்கு அடியில் வந்து நின்றது. மறுபடி திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.5 மில்லிமீட்டர் இதழை நுழைத்து அந்த அளவில் நிறுத்தினேன். வழுக்கல் அன்றோடு போயிற்று. ஒரு கோளாறு ஒழிந்தது. இருமல் மட்டும் அப்படியே இருந்தது.

இங்கே இரண்டு வாரம் வேலை நின்றது. அலுவலக நெருக்கடி, மழை, சோர்வு. அந்த நாட்களில் கையேட்டை இரவில் கதைப் புத்தகம்போல் படித்துக்கொண்டிருந்தேன். அதில்தான் ‘டிடி’ என்ற துளையைப் பற்றிய பக்கம் கண்ணில் பட்டது. கோடு பார்க்கும் அதே கறுப்புப் பெட்டியில் ‘டிஇ1’க்குப் பக்கத்து வீடு. அந்தத் துளைக்கும் ‘இ1’க்கும் இடையே வோல்ட்மீட்டர் வைத்தால், கம்ப்யூட்டர் தன் மனத்தில் என்ன நினைக்கிறது என்பதை வோல்ட் கணக்கில் சொல்லிவிடும். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திருப்பிய நிலையில் பெடலை மெல்ல அழுத்தினால் 0, 1, 2 என்று படிப்படியாக 8 வோல்ட் வரை ஏறும். கம்ப்யூட்டர் த்ராட்டிலை எவ்வளவு திறந்ததாகப் புரிந்துகொள்கிறது என்பது அது. வண்டி ஓடும்போது அதே துளை கியரைச் சொல்லும். முதல் கியர் 0, இரண்டாவது 2, மூன்றாவது 4, மூன்றில் லாக்-அப் 5, ஓவர்டிரைவ் 6, ஓவர்டிரைவில் லாக்-அப் 7 வோல்ட். முப்பது ஆண்டுக்கு முன் இதை வடிவமைத்தவருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.

என்னிடம் இருந்த டிஜிட்டல் மல்டிமீட்டர் இதற்கு ஒத்துவரவில்லை. எண் மாறுவதற்குள் அடுத்த எண் வந்துவிடுகிறது. பழைய மாதிரி முள் மீட்டர் வேண்டும். அதிலும் எது கிடைத்தாலும் போதாது. வோல்ட்டுக்குக் குறைந்தது 10,000 ஓம் தடை கொண்டதாக இருக்க வேண்டும் என்று கையேடு எச்சரிக்கிறது. மலிவான மீட்டர்கள் 2,000 ஓம்தான் இருக்கும். அவை அளக்க வேண்டிய மின்சாரத்தையே குடித்துவிடும். 20,000 ஓம் மீட்டர் ஒன்று 22 டாலருக்குக் கிடைத்தது.

மாமாவை முன்சீட்டில் உட்காரவைத்து, பானட் இடுக்கு வழியாக வயரை ஜன்னலுக்குள் இழுத்து, மீட்டரை அவர் மடியில் வைத்தேன். "முள் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் மாமா, நான் சாலையைப் பார்க்க வேண்டும்." நாற்பது ஆண்டு சிக்னல் பார்த்துப் பழகியவரிடம் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். 65ஐத் தொட்டதும் ஆரம்பித்தார்.

"ஏழு. ஏழு. ஏழு. ஆறு. ஏழு. நான்கு! நான்கு. ஆறு. ஏழு. மாப்பிள்ளை, காலை எடுத்தீர்களா?"

எடுக்கவில்லை. என் கால் கல்லாக இருந்தது. கியர்பாக்ஸ் தானாக வழுக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் நான்கு வோல்ட் காட்டி மூன்றாம் கியருக்கு இறக்குகிறது, பிறகு மனம் மாறுகிறது. அப்படியானால் அதற்கு யாரோ பொய் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பி, பெடலை ஒரு நத்தை வேகத்தில் அழுத்தினேன். 0, 1, 2. அங்கே முள் துள்ளியது. 2இலிருந்து 0க்கு விழுந்து, 5க்குத் தாவி, நடுங்கி, 3இல் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் 8 வரை வெண்ணெயாக ஏறியது. திரும்ப விட்டேன், திரும்ப அழுத்தினேன். பத்து முறையில் ஏழு முறை அதே இடத்தில் துள்ளல். முழு அழுத்தத்தில் 8 காட்டும்போது பிரேக்கைத் தொட்டால் 0 ஆக வேண்டும், விட்டால் மறுபடி 8. அதுவும் சரியாக வந்தது, ஆகவே பிரேக் சுவிட்சிலும் குற்றமில்லை. குற்றவாளி நான் பட்டியலில் அடித்துவிட்ட த்ராட்டில் சென்சார்தான். மெல்லிய அழுத்தத்தில், 60க்கும் 75க்கும் கால் நிற்கும் அந்த ஒரே இடத்தில் அது உளறுகிறது. 100இல் போகும்போது கால் அந்த இடத்தைத் தாண்டிவிடுவதால் அங்கே தொந்தரவே இல்லை. கண நேரம் உளறிவிட்டு ஒழுங்குக்குத் திரும்பிவிடுவதால் 41 என்ற கோடும் பதிவாகவில்லை.

நம்ப முடியாமல், கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் மின்தடையை டிஜிட்டல் மீட்டரில் அளந்தேன். த்ராட்டில் மூடிய நிலையில் சரி. முழுதும் திறந்த நிலையில் சரி. கையேட்டில் உள்ள எல்லா அளவுக்குள்ளும் அடங்கியது. கையேடு இரண்டு முனைகளை மட்டும் அளக்கச் சொல்கிறது, நடுவில் நகரும்போது என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. முள் மீட்டரை ஓம் அளவில் வைத்து மெல்லத் திறந்தபோது அதே இடத்தில் அதே துள்ளல்.

புதுச் சென்சார் 74 டாலர். கழற்றுவதுதான் பெரும்பாடு. இரண்டே ஸ்க்ரூ. அவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ஜப்பானியத் தரத்தில் செய்தது என்பதற்கு அடையாளம் அது. சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, திருகினால் ஏறி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். இதை நான் முதல் ஸ்க்ரூவைச் சிதைத்த பிறகு தெரிந்துகொண்டேன். சரியான ஸ்க்ரூடிரைவர் 18 டாலர். இரண்டாவது ஸ்க்ரூ அதற்குப் பணிந்தது. சிதைந்ததற்கு வேறு வழியில்லை. த்ராட்டில் பாடியையே கழற்றி மேசையில் வைத்து, ஹேக்ஸா பிளேடால் தலையில் ஒரு கோடு கீறி, தட்டையான ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பினேன். கழற்றியதால் புது கேஸ்கெட், 9 டாலர். கூலன்ட் குழாய் இரண்டைப் பிடுங்கும்போது முழங்கைவரை பச்சைத் தண்ணீர்.

புதியதை மாட்டி அப்படியே இறுக்கிவிடக் கூடாது. த்ராட்டிலின் நிறுத்து ஸ்க்ரூவுக்கும் நெம்புகோலுக்கும் இடையே 0.60 மில்லிமீட்டர் இதழை வைத்து, பெடலை விட்ட நிலையை உணர்த்தும் ஐடில் முனையில் ஓம் மீட்டரை இணைத்து, முள் அசையும் புள்ளி வரும்வரை சென்சாரை மெல்லத் திருப்பி அங்கே இறுக்க வேண்டும். பிறகு 0.50 இதழில் இணைப்பு இருக்க வேண்டும், 0.70இல் அறுந்திருக்க வேண்டும். மூன்றாம் முயற்சியில் அமைந்தது. இறுக்கும்போது சென்சார் தானும் ஒரு மயிரிழை சுற்றிக்கொள்கிறது. அதை எதிர்பார்த்து, ஒரு மயிரிழை முன்னதாகவே நிறுத்திவிட்டு இறுக்கினால் சரியாக வந்து உட்காரும்.

பழைய சென்சாரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே பிறை வடிவில் ஒரு கரித்தடம், அதன் மேல் ஊர்ந்து போகும் பித்தளை விரல்கள். தடம் முழுதும் மங்கிய கறுப்பு. ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும் கரி தேய்ந்து அடித்தட்டு வெளுத்துத் தெரிந்தது. ஓரங்களில் மையாகக் கரித்தூள். வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது அந்தத் துண்டு மட்டும் பளபளத்தது. மாமாவிடம் காட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது என் கால் மாப்பிள்ளை" என்றார். கோயிலுக்கும் நூலகத்துக்கும் பதினைந்து ஆண்டுகளாக அவர் 70ஐத் தாண்டாமல் ஓட்டிய வழி முழுதும் அந்த நான்கு மில்லிமீட்டரில் பதிந்திருந்தது.

செலவில் நியாயமானது எவ்வளவு என்று பார்த்தால் மீட்டர், சென்சார், ஸ்க்ரூடிரைவர், கேஸ்கெட் சேர்த்து 123 டாலர்தான். ஆயிலும் வடிகட்டியும் 130, அது எப்படியும் செய்ய வேண்டிய பராமரிப்பு. சொலினாய்டு 60 முழு நஷ்டம். அடுத்த முறை இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால் முதல் நாளே கனெக்டரைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பேன், இரண்டாம் நாள் முள் மீட்டரை மாட்டுவேன், ஆயிலைக் கடைசிக்கு வைப்பேன். தொடக்கத்திலேயே ஆயிலை மாற்றினால் மனம் நாலு நாள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது. எந்த வேகத்தில் வருகிறது, எந்த வேகத்தில் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதிவைப்பேன். கோடு இல்லை என்பதற்காக எந்தப் பாகத்தையும் விடுதலை செய்ய மாட்டேன்.

தீராத ஒன்று மிச்சமிருக்கிறது. ‘என்’னிலிருந்து ‘டி’க்குப் போட்டால் 1.2 விநாடிக்குள் கியர் பிடிக்க வேண்டும், ‘ஆர்’ என்றால் 1.5. இடையில் ஒரு நிமிடம் விட்டு மும்முறை அளந்து சராசரி எடுத்தேன். எஞ்சின் சூடாக இருந்தால் 1.0, 1.4, இரண்டும் தேறுகின்றன. இந்த ஜூலைக் குளிரில், காலை ஏழு மணிக்கு, வெளியே 5 டிகிரி இருக்கும்போது ‘ஆர்’ 2 விநாடியைத் தாண்டுகிறது. சூடான நிலையில் அளக்கச் சொல்லும் சோதனை என்பதால் குளிர்ந்த கணக்கை நான் குறையாக எழுதப்போவதில்லை. ஆனாலும் உள்ளே ரப்பர் சீல்கள் கெட்டித்துவருகின்றன என்றுதான் தோன்றுகிறது. அதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பிரிக்கப்போவதில்லை. மாமாவிடம் சொன்னேன். இன்று காலை ‘ஆர்’இல் போட்டுவிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி லேசாகக் குலுங்கிக் கியர் பிடித்ததும், "ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுக் காலை எடுத்தார்.